8 ஊர், 56 ஆட்டம்: விஸ்கான்சின் சின்னக் கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகத் தொடர்கிறவர்களுக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மாடிசனில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், வெளியே மைனஸ் 15. ஆபீஸ், வீடு, மறுபடி ஆபீஸ் என்று நாட்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் "புதன்கிழமை வைட்வாட்டர் வரைக்கும் போய் ஒரு மேட்ச் பார்த்துட்டு வரலாமா?" என்று கேட்டார். காரில் ஒரு மணி நேரம். ஒரு கல்லூரி ஜிம்மில் மர பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆடுகளத்தின் ஓரக் கோட்டுக்கும் என் ஷூவுக்கும் நடுவே நாலடி இருந்தால் அதிகம். பயிற்சியாளர் எந்தப் பையனை என்ன சொல்லித் திட்டுகிறார் என்பது வரை காதில் விழுந்தது. அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

மாடிசனிலேயே ஊரறிந்த பெரிய அணி ஒன்று இருக்கிறது. அவர்கள் ஆடும் கோல் சென்டரில் ஏறக்குறைய 17,000 பேர் உட்காரலாம். நம் பட்ஜெட்டுக்குக் கிடைக்கும் இருக்கை கூரையைத் தொடுகிற மாதிரி இருக்கும். கீழே எறும்புகள் ஊர்வதைப் பார்த்துவிட்டு வரலாம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புதிதாக இந்த ஆட்டத்துக்குள் நுழைகிறவருக்கு என் யோசனை வேறு. நாடு முழுக்க நூற்றுக்கணக்கான அணிகளைத் துரத்தாதீர்கள். எட்டே அணிகள் உள்ள ஒரு சின்ன லீகை எடுத்து, நவம்பர் முதல் மார்ச் வரை முழுசாகப் பாருங்கள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு முறை மோதும். முதல் மோதலில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருந்தால், இரண்டாவது மோதலின் ருசியே தனி.

முதலில் லீக் எது என்று பார்ப்போம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. டிவியில் வருவது முதல் பிரிவு. மூன்றாம் பிரிவில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. எண்ணிக்கையில் இதுதான் பெரிசு. இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி கிடைக்கலாமே தவிர, பந்து போடுவதற்காக ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. காலையில் லேப், மாலையில் பயிற்சி, இரவு பஸ்ஸில் அசைன்மென்ட் என்று ஓடும் பையன்கள்தான் ஆடுகிறார்கள்.

ஒவ்வொரு பிரிவிலும் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து கான்ஃபரன்ஸ் என்று குழுவாக இருக்கும். நம் வாய்க்கு லீக் என்றால் சரியாக வரும். நான் சொல்லப்போவது விஸ்கான்சின் இன்டர்காலேஜியட் அத்லெடிக் கான்ஃபரன்ஸ். 1913-இல் தொடங்கியது. அப்போது இதில் இருந்தவை பெரும்பாலும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள். இன்று எல்லாமே மாநில அரசின் பல்கலைக்கழகங்கள்.

எட்டு அணிகள்: பிளாட்வில், வைட்வாட்டர், ஓஷ்காஷ், ஸ்டீவன்ஸ் பாயிண்ட், லா க்ராஸ், ஓ க்ளேர், ஸ்டவுட், ரிவர் ஃபால்ஸ். வரைபடத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், பின்னால் உதவும். வைட்வாட்டர் தென்கிழக்கு, பிளாட்வில் தென்மேற்கு மூலை, ஓஷ்காஷ் கிழக்கே ஏரியோரம், ஸ்டீவன்ஸ் பாயிண்ட் நட்டநடு, லா க்ராஸ் மிசிசிப்பி ஆற்றங்கரை. மீதி மூன்றும் வடமேற்கில் 94-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக வரும். பிளாட்வில் பையன்கள் ரிவர் ஃபால்ஸுக்குப் போய் ஆட, பனியில்லாத நாளிலேயே பஸ்ஸில் சுமார் நாலு மணி நேரம். ஆட்டம் முடிந்து திரும்பினால் நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் வகுப்பு உண்டு.

சின்ன லீக் என்றதும் ஏதோ ஒப்புக்கு ஆடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் பிரிவின் ஆண்கள் தேசியக் கோப்பையை இந்த எட்டு ஊர்களில் நான்கு 13 முறை கொண்டுவந்திருக்கின்றன. பிளாட்வில் 1991, 1995, 1998, 1999. வைட்வாட்டர் 1984, 1989, 2012, 2014. ஸ்டீவன்ஸ் பாயிண்ட் 2004, 2005, 2010, 2015. ஓஷ்காஷ் 2019.

பிளாட்வில் வென்ற நான்கும் போ ரயன் பயிற்சியாளராக இருந்தபோது. பிற்பாடு அவர் மாடிசனின் பெரிய அணிக்குப் போய், 2014, 2015 இரண்டு வருடமும் முதல் பிரிவின் கடைசி நால்வருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அவருக்கு முன்னால் 2000-இல் அதே மாடிசன் அணியை அதே இடத்துக்குக் கொண்டுபோன டிக் பென்னட், ஸ்டீவன்ஸ் பாயிண்டில் ஒன்பது வருடம் பயிற்சியாளராக இருந்தவர். அவரிடம் அங்கே ஆடிய டெர்ரி போர்ட்டரை தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் 1985 புது வீரர் தேர்வில் போர்ட்லண்ட் அணி 24-ஆவது ஆளாக எடுத்தது. 2004, 2005 கோப்பைகளை ஸ்டீவன்ஸ் பாயிண்டுக்கு வாங்கித் தந்த ஜாக் பென்னட், டிக்கின் தம்பி. மாநிலத்தின் பெரிய கூடைப்பந்தே இந்தச் சின்ன ஜிம்களில் இருந்து கிளம்பிப் போனதுதான் என்று இங்கே பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யில்லை.

ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நடுநிலையாக எட்டையும் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தால் டிசம்பரிலேயே சலித்துவிடும். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய அணி எதுவோ, அதுவே உங்கள் அணி. மாடிசனில் இருப்பவருக்கு வைட்வாட்டர், பிளாட்வில், ஓஷ்காஷ் மூன்றும் கைக்கெட்டும் தூரம். மினியாபொலிஸ் பக்கம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரிவர் ஃபால்ஸ்.

கூட்டிப்போனவர் வைட்வாட்டர்காரர், நான் பிளாட்வில் பக்கம் சாய்ந்தேன். காரணம் அற்பமானது: 151-ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது அந்த ஊருக்குப் பக்கத்துக் குன்றின் சரிவில் வெள்ளையடித்த கற்களால் ஒரு பெரிய 'எம்' எழுத்து தெரியும். சுரங்கப் பொறியியல் மாணவர்கள் 1930-களில் கல் சுமந்து அடுக்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. அணி தேர்ந்தெடுக்க இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தேர்ந்தெடுத்ததும் கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் வீரர் பட்டியலை எடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் எஃப்.ஆர்., எஸ்.ஓ., ஜே.ஆர்., எஸ்.ஆர். என்று போட்டிருக்கும், முதலாமாண்டு முதல் நான்காமாண்டு வரை. எஸ்.ஆர். எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்தாறு பேர் இருந்து, அவர்கள்தான் அதிக நேரம் ஆடுகிறார்கள் என்றால் இந்த வருடம் அந்த அணிக்கு விட்டால் கிடைக்காத வருடம். பயிற்சியாளர் பேட்டிகளைவிட இந்த எண்ணிக்கை அதிகம் சொல்லும்.

அப்புறம், முதல் வாரத்திலேயே எல்லோர் பெயரையும் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். யார் பந்தைக் கொண்டுவருகிறான், யார் தூரத்திலிருந்து எறிகிறான், யார் வளையத்தடியில் முட்டிமோதுகிறான் என்று மூன்று பேரை அடையாளம் தெரிந்தால் போதும். மற்றவர்கள் தானாக வந்து சேர்வார்கள்.

அட்டவணையைப் படிப்பது

ஒரு சீசனில் ஓர் அணி அதிகபட்சம் 25 ஆட்டம் ஆடலாம். லீகுக்குள் 14: ஏழு எதிரிகள், ஒவ்வொருவரோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. மீதி எல்லாம் லீகுக்கு வெளியே உள்ள அணிகளோடு. அட்டவணையில் எந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதோ அதுதான் லீக் ஆட்டம். இது தெரியாமல் நான் முதல் வருடம் நவம்பர் மாதத்து வெற்றிகளை எல்லாம் லீக் கணக்கில் சேர்த்து, என் அணி முதலிடம் என்று நண்பரிடம் பீற்றிக்கொண்டேன்.

நவம்பர் தொடக்கத்தில் சில அணிகள் முதல் பிரிவுக் கல்லூரியோடு ஒரு காட்சி ஆட்டம் ஆடும். முப்பது நாற்பது புள்ளியில் தோற்றாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பையன்களுக்கு ஒரு நாள் பெரிய அரங்கில் ஆடிய நினைவு மிச்சம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நவம்பரும் டிசம்பரும் பெரும்பாலும் வெளி அணிகளோடு. இந்த ஆட்டங்களைப் புதியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள், வேண்டாம். மார்ச் மாதத் தேசியப் போட்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும்போது, இந்த டிசம்பர் ஆட்டங்கள்தான் எழுந்து வந்து நிற்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜனவரியில் லீக் சூடு பிடிக்கும். வழக்கமாகப் புதன் இரவும் சனிக்கிழமையும். இங்கே ஒரு நுணுக்கம். ஜனவரி முதல் பாதியில் மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போயிருப்பார்கள், ஜிம்மில் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் மட்டும் இருப்பார்கள். மாத இறுதியில் வகுப்புகள் தொடங்கியதும் அதே ஜிம் காது கிழியும். ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் வெளியூரில் ஆடுவது கொஞ்சம் சுலபம், பிப்ரவரியில் ரொம்பக் கஷ்டம். அட்டவணையை வைத்து யாருக்கு எந்த ஊர் எந்த மாதத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

இந்தியாவில் நம் ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு: கல்லூரித் தளத்து அட்டவணையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தில் வீடியோ, நேரடிப் புள்ளிவிவரம் என்று இணைப்புகள் இருக்கும். வீடியோவுக்குக் காசு கேட்கிறார்களா என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் விஸ்கான்சின் நேரத்தோடு பதினொன்றரை மணி நேரம் கூட்டினால் இந்திய நேரம். புதன் இரவு 7 மணி ஆட்டம், நமக்கு வியாழன் காலை 6.30. காபி டம்ளரோடு உட்கார்ந்து எட்டரைக்குள் முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். சனிக்கிழமை மதிய ஆட்டம்தான் சோதனை; அங்கே 3 மணி என்றால் இங்கே ஞாயிறு அதிகாலை 2.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள், அதன்பிறகு பத்தரை மணி நேரம் கூட்டினால் போதும்.

விதி எங்கே மாறுகிறது

கோவையிலோ தேனியிலோ டோர்னமென்ட் பார்த்து வளர்ந்தவருக்கு ஆட்டம் புரியாமல் போகாது. ஆனால் நாம் பழகியது சர்வதேச விதி. இங்கே பத்து நிமிடம் நாலு கால் கிடையாது. 20 நிமிடம் இரண்டு பாதி. எறிவதற்கு 24 விநாடி இல்லை, 30. பாதிக் கோட்டைத் தாண்ட 8 இல்லை, 10. வளையத்தின் மேல் உருண்டுகொண்டிருக்கும் பந்தை நம் விதியில் தட்டிவிடலாம், இங்கே தொடக்கூடாது. மூன்று புள்ளிக் கோடு மட்டும் இப்போது அதே தூரம்.

முக்கியமான வித்தியாசம் ஃபவுல் கணக்கு. ஒரு பாதியில் எதிரணி செய்யும் ஏழாவது ஃபவுலில் இருந்து, ஃபவுல் வாங்கியவனுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் நின்று எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு. அது விழுந்தால்தான் இன்னொன்று. பத்தாவதிலிருந்து நேராக இரண்டு. இந்த ஏழுக்கும் பத்துக்கும் நடுவில்தான் பல ஆட்டங்கள் தலைகீழாகின்றன. ஒரு நிமிடம் இருக்கிறது, மூன்று புள்ளி பின்னால் இருக்கும் அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எறிபவன் முதலாவதைத் தவறவிட்டால் பந்து உயிரோடு கீழே விழும், யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். ஜிம்மே எழுந்து நிற்கும். அப்போது ஸ்கோரைப் பார்க்காதீர்கள். போர்டின் ஓரத்தில் இருக்கும் ஃபவுல் எண்ணைப் பாருங்கள். அது ஆறா, ஏழா, பத்தா என்பதை வைத்துப் பயிற்சியாளர் அடுத்து என்ன செய்வார் என்று உங்களாலேயே சொல்ல முடியும்.

ஒரு நோட்டு போதும்

இனிமேல் சொல்வதுதான் இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். எட்டுக்கு எட்டுக் கட்டம் வரையுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழே எட்டு அணி, மேலே இடமிருந்து வலம் அதே எட்டு அணி. இடப்பக்கப் பெயர் உள்ளூர் அணி, மேலே இருப்பது விருந்தாளி. ஓர் அணி தன்னோடு தானே ஆடாது என்பதால் மூலைவிட்டத்தில் எட்டுக் கட்டத்தைக் கறுப்படித்துவிடுங்கள். மீதி 56. லீகின் மொத்த ஆட்டமும் 56. ஒவ்வொரு புதனும் சனியும் நாலு நாலு கட்டமாக நிரம்பும். உள்ளூர் ஜெயித்தால் நீலப் பேனா, விருந்தாளி ஜெயித்தால் சிவப்பு.

மூன்று வாரத்தில் அந்தத் தாள் பேச ஆரம்பிக்கும். ஒரு வரிசை முழுக்க நீலமாக இருந்தால், அந்த ஊரில் போய் யாரும் ஜெயிக்கவில்லை என்று பொருள். மேலிருந்து கீழே ஒரு பத்தியில் சிவப்பு அதிகமாக இருந்தால், அந்த அணி போகிற இடமெல்லாம் அடிக்கிறது. கோப்பைக்கு ஆள் அதுதான்.

புள்ளிப் பட்டியல் ஜனவரியில் ஏமாற்றும் என்பதை இந்தத் தாளில்தான் நான் கண்டுகொண்டேன். ஓர் அணி 4 வெற்றி, 1 தோல்வி என்று மேலே நிற்கும். பார்த்தால் ஐந்தில் நாலு உள்ளூர் ஆட்டமாக இருக்கும். இன்னொன்று 3-2 என்று நடுவில் கிடக்கும். அது நாலு ஊர் சுற்றி வந்திருக்கும். இரண்டில் எது மேல்?

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வெளியூரில் ஜெயித்தால் பிளஸ் 1. உள்ளூரில் தோற்றால் மைனஸ் 1. உள்ளூரில் ஜெயிப்பதும் வெளியூரில் தோற்பதும் பூஜ்ஜியம், ஏனென்றால் அது நடக்க வேண்டியதுதான். மேலே சொன்ன 4-1 அணி உள்ளூர் நாலையும் ஜெயித்து வெளியூரில் தோற்றிருந்தால் அதன் கணக்கு பூஜ்ஜியம். 3-2 அணி உள்ளூரில் ஒன்றையும் வெளியூரில் இரண்டையும் ஜெயித்திருந்தால் பிளஸ் 2. பிப்ரவரியில் யார் மேலே இருப்பார்கள் என்று நான் இந்த எண்ணை வைத்துத்தான் பந்தயம் கட்டுவேன். பந்தயம் என்றால் ஒரு காபி. 14 ஆட்டமும் முடிந்த பிறகு இந்த எண், வெற்றிகளில் ஏழைக் கழித்தால் வருவதற்குச் சரியாக வந்து நிற்கும். போட்டுப் பாருங்கள். 11-3 என்று முடித்த அணி பிளஸ் 4.

ஆட்ட மறுநாள் ஸ்கோர் தாளையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரு வீரர் பெயருக்கு நேரே 5-12, 1-4, 6-7, 17 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 முறை எறிந்து ஐந்து போட்டிருக்கிறார். அந்த 12-க்குள்தான் மூன்று புள்ளி முயற்சிகள் நாலும் அடக்கம், அதில் ஒன்று விழுந்தது. ஆக நாலு இரண்டு புள்ளி, ஒரு மூன்று புள்ளி: 11. ஃப்ரீ த்ரோ ஏழில் ஆறு. மொத்தம் 17. முதல் எண்ணையும் இரண்டாவதையும் கூட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இந்த வீரர் கைவரிசை அன்று சுமார்தான். ஆனால் முட்டிமோதி ஏழு ஃப்ரீ த்ரோ வாங்கியிருக்கிறார். பதினேழு புள்ளி என்ற தலைப்புச் செய்தியில் இது தெரியாது.

ஜிம்முக்குப் போகிற நாள்

முதல் எச்சரிக்கை ஊர்ப் பெயர். ஏழு அணிகளின் பெயரும் அந்தந்த ஊரின் பெயர். ஸ்டவுட் மட்டும் ஊர் இல்லை. அது இருப்பது மெனாமனி என்ற ஊரில். விஸ்கான்சினிலேயே மில்வாக்கியை ஒட்டி மெனாமனி ஃபால்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது, எழுத்தில் ஒன்றிரண்டுதான் வித்தியாசம். லீகில் ரிவர் ஃபால்ஸ் என்று வேறு ஓர் அணி இருப்பதால், "ஃபால்ஸ்" என்று பார்த்ததும் சரிதான் என்று நான் போனில் வழிகாட்ட அதையே அமுக்கிவிட்டேன். மாடிசனிலிருந்து அரை மணி நேரம் கிழக்கே ஓட்டிய பிறகு, சாயங்கால வெயில் ஏன் கண்ணாடியில் பின்னாலிருந்து அடிக்கிறது என்று தோன்றியது. இரண்டு ஊருக்கும் நடுவே நாலு மணி நேரம். அன்றைக்கு ஆட்டத்தை வீட்டில் லேப்டாப்பில்தான் பார்த்தேன். இன்னொன்று: எழுதியிருப்பதைப் பார்த்து "இயாவ் க்ளேர்" என்று படித்துவிடாதீர்கள், அது ஓ க்ளேர்.

கிளம்பும் முன் கல்லூரியின் தளத்தை மறுபடி பாருங்கள். பனிப்புயல் வந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். காரில் போர்வை, தண்ணீர், சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது இரவு பத்து மணிக்கு வயல்வெளிச் சாலையில் உங்களைத் தவிர மான்கள் மட்டும்தான் இருக்கும். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மான் குறுக்கே பாயும்.

டிக்கெட் எடுக்கப் பெரும்பாலும் வாசலில் ஒரு மேசைதான். அரை மணி நேரம் முன்னால் போனால் போதும். பெஞ்சில் எங்கே உட்காருவது என்பதற்கு எனக்கு ஓர் எண்ணம் உண்டு: இரண்டு அணியும் உட்காரும் பக்கத்துக்கு நேரெதிரே, ஆறேழு வரிசை மேலே. பயிற்சியாளர்களின் முகம் தெரியும், ஆட்டத்தின் அமைப்பும் தெரியும். திட்டு கேட்க வேண்டும் என்றால் மட்டும் அணிக்குப் பின்னால். பனிக்காலம் என்று கனமான கோட்டோடு போவீர்கள், உள்ளே புழுங்கும். கழற்றி மடியில் வைக்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் பாப்கார்னும் சீஸும் கதி. வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டே போங்கள்.

கத்தலாம், நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கலாம். பையனின் பெயரைச் சொல்லித் திட்டுவதை மட்டும் தவிருங்கள். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து நூற்கண்டோடு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பது அவன் பாட்டியாக இருக்கும். எனக்கு ஒரு முறை ஆனது. அவர் திரும்பிப் பார்த்து, "நேத்து ராத்திரி அவனுக்குக் காய்ச்சல்" என்று மட்டும் சொன்னார்.

ஒரே ஓர் ஆட்டம்தான் போக முடியும் என்றால், பிப்ரவரியில் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்குப் போங்கள். அன்று நான்காமாண்டு மாணவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், கையில் பூங்கொத்தோடு ஆடுகளத்தின் நடுவுக்கு நடந்து வருவார்கள். அந்தப் பையன்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இன்னும் சில வாரத்தில் கூடைப்பந்து முடிந்துவிடும். அடுத்த வருடம் கணக்கு வாத்தியாராகவோ இன்ஜினியராகவோ இருப்பார்கள். அன்று நாலு வருடமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒருவனைப் பயிற்சியாளர் முதல் ஐவரில் இறக்கிவிடுவதும் உண்டு. அவன் பந்தைத் தொட்டாலே கூரை பறக்கும்.

பிப்ரவரி கடைசி, மார்ச்

14 ஆட்டமும் முடிந்ததும் லீகின் நாக்-அவுட் போட்டி. பட்டியலில் மேலே முடித்த அணியின் ஊரில்தான் ஆட்டம் நடக்கும். எத்தனை அணிகளைச் சேர்க்கிறார்கள் என்பதை அந்த வருட விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றி எண்ணிக்கை சமமாக இருந்தால் முதலில் அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியதைப் பார்ப்பார்கள். நோட்டில் இரண்டே கட்டத்தில் விடை இருக்கும்.

புதியவர்களைக் குழப்புவது இதுதான்: ஜனவரி முதல் எல்லோரையும் அடித்து முதலிடம் பிடித்த அணிக்குத் தேசியப் போட்டியில் தானாக இடம் கிடைக்காது. நாக்-அவுட்டை ஜெயித்தவருக்குத்தான் அந்த இடம். முதலிடக்காரர் ஓர் இரவு சறுக்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். 64 அணிகளில் பெரும்பகுதி லீக் சாம்பியன்கள்; மிச்சமுள்ள இடங்களுக்கு என்.பி.ஐ. என்ற கணிப்பு எண்ணைப் பார்க்கிறார்கள். 2024-25 சீசனிலிருந்து மூன்றாம் பிரிவில் இதுதான் முறை. ஜெயித்தாயா என்பதோடு யாரை ஜெயித்தாய் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும். டிசம்பர் ஆட்டங்களை ஒதுக்காதீர்கள் என்றேனே, அது இதற்காகத்தான். டிசம்பரில் ஒரு நல்ல அணியைத் தேடிப்போய் ஜெயித்தவர் மார்ச்சில் நிம்மதியாகத் தூங்கலாம்.

அழைப்புப் பட்டியல் திங்கட்கிழமை வரும். விமானச் செலவைக் குறைக்க, முடிந்தவரை 500 மைலுக்குள் இருக்கும் அணிகளை ஒரே ஊரில் சேர்த்து மோதவிடுவார்கள். அதனால் நாட்டிலேயே பலமான இரண்டு அணிகள், பக்கத்து ஊர் என்ற ஒரே பாவத்துக்காக இரண்டாவது சுற்றிலேயே முட்டிக்கொள்ளும். அநியாயம் என்று நான் வருடா வருடம் புலம்புகிறேன். நாடு முழுக்க யார் எப்படி என்று தெரிய டி3ஹூப்ஸ் தளத்தின் வாராந்திர முதல் 25 பட்டியல் இருக்கிறது, அதை ஜனவரியிலிருந்தே பார்த்து வாருங்கள்.

உங்கள் அணி தோற்றாலும் லீகில் மிஞ்சி நிற்கும் அணிக்குக் கட்சி மாறிக்கொள்ளலாம். குளிர்காலம் முழுக்கத் திட்டிய வைட்வாட்டருக்கு மார்ச்சில் பிளாட்வில்காரர்கள் கைதட்டுவது இங்கே வழக்கம்தான். 2014 இறுதி ஆட்டத்தின் காணொளி கிடைத்தால் பாருங்கள். வைட்வாட்டரும் மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் கல்லூரியும். ஒரு விநாடிக்கும் குறைவாக இருக்கும்போது வைட்வாட்டரின் குவார்டெல் யங் நீளமாக ஓடிவந்து போட்ட லே-அப், அதாவது வளையத்தடிக்கே போய்ப் பந்தை மெல்லப் போடும் எறி; 75-73. எதிரணியில் அன்று முதலாமாண்டு மாணவராக ஆடிய டங்கன் ராபின்சன் பிறகு மிச்சிகன் போய், அங்கிருந்து என்.பி.ஏ.வில் மயாமிக்கு ஆடினார். சின்னக் கல்லூரி ஆட்டத்தில் நாம் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றைக்குத் தெரிவதில்லை.

எல்லாம் முடிந்ததும் நோட்டை உள்ளே வைக்கும் முன் ஒரு வேலை பாக்கி. எட்டு அணியின் பட்டியலையும் எடுத்து எஸ்.ஆர். பெயர்களை அடித்துவிடுங்கள். மிஞ்சுகிறவர்களில் நிறைய நேரம் ஆடியவர் யாரென்று பென்சிலால் வட்டம் போடுங்கள். பேனா வேண்டாம், கோடையில் ஒன்றிரண்டு பேர் வேறு கல்லூரிக்கு மாறிவிடுவார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டி இன்னொரு எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, மூலைவிட்டத்தைக் கறுப்படித்து வைத்துவிடலாம். அதற்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.